ஏற்றத்தில் மட்டும் கரும்புகை: ஒரு டீசல் பிக்கப்பின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

சரக்கு ஏற்றும் பிக்கப் வண்டி ஒன்று. 2.5 லிட்டர் கொள்ளளவு, நான்கு சிலிண்டர், காமன் ரெயில் டீசல் எஞ்சின்; அதாவது டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்கள் எல்லாவற்றுக்கும் ரெயில் எனப்படும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை. காற்றை அழுத்திச் சிலிண்டருக்குள் தள்ளும் டர்போவில் இறக்கைகளின் கோணம் மாறும் வகை, அதாவது வி.ஜி.டி. அழுத்திய காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர் உண்டு, வெளியேறும் வாயுவில் ஒரு பகுதியை மறுபடி உள்ளே விடும் ஈ.ஜி.ஆர். வால்வு உண்டு. டி.பி.எஃப். எனப்படும் புகைக்கரி வடிகட்டி இல்லாத தலைமுறையைச் சேர்ந்த வண்டி. ஓட்டுபவரே உரிமையாளர். ஏறக்குறைய எப்போதும் லோடுடன்தான் ஓடும்.

அவர் சொன்ன குறை இதுதான்: சமதரையில் நிதானமாகப் போகும்போது ஒன்றும் தெரியாது. லோடு வைத்து ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் பின்னால் கரும்புகை கிளம்பி, பின்கண்ணாடியில் சாலையே மறைந்துவிடும். இழுவையும் முன்பு போல இல்லை. மூன்றாவது கியரில் ஏறிய ஏற்றத்துக்கு இப்போது இரண்டாவது கியர் கேட்கிறது. டீசலும் கூடுதலாகக் குடிக்கிறது. டேஷ்போர்டில் எந்த எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை.

எங்கள் ஷெட்டுக்கு வருமுன் இந்த வண்டிக்குப் பல வைத்தியம் நடந்திருந்தது. ஏர் ஃபில்டர் புதிதாக மாற்றப்பட்டிருந்தது. இன்ஜெக்டரைச் சுத்தம் செய்யும் திரவம் டேங்கில் ஊற்றப்பட்டிருந்தது. ஓர் இடத்தில் ஈ.ஜி.ஆர். வால்வைக் கழற்றிக் கழுவியிருந்தார்கள். அதற்குப்பின் கொஞ்ச காலம் புகை குறைந்து, மறுபடி பழைய நிலைக்கே வந்துவிட்டது. கடைசியாகப் பார்த்த இடத்தில் நான்கு இன்ஜெக்டரையும் மாற்றச் சொல்லியிருந்தார்கள். இன்னொருவர் ஈ.ஜி.ஆர். குழாயில் தகடு வைத்து அடைத்துவிட்டால் போதும் என்றிருந்தார். செலவுக்கு மனதைத் தயார்படுத்திக்கொண்டு, இன்னொரு கருத்தும் கேட்டுவிடலாம் என்றுதான் அவர் வந்தார்.

முதலில் கவனித்தவை

ஐடிலிங்கில் புகை இல்லை. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்தபோது வெள்ளைப் புகையோ, தடதடப்போ, டீசல் நெடியோ இல்லை. நீலப்புகையும் இல்லை. நியூட்ரலில் வைத்து ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதித்தால் ஒரு மெல்லிய சாம்பல் நிறப் புகை வந்து கலைந்தது. அந்தத் தலைமுறை வண்டிகளில் அது வழக்கமானதுதான். புகை அளவிடும் சோதனையிலும் வண்டி அண்மையில்தான் தேறியிருந்தது. அதைக் காட்டித்தான் "வண்டியில் ஒன்றுமில்லை" என்று ஓர் இடத்தில் அனுப்பியிருக்கிறார்கள்.

அந்தச் சோதனை நியூட்ரலில், லோடு இல்லாமல் செய்யப்படுவது. எஞ்சின் தன் சொந்த எடையை மட்டும் சுழற்றி ஓரிரு நொடியில் மேலே போய்விடும். டர்போ முழு அழுத்தம் கட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். லோடில் மட்டும் வரும் குறையை அந்தச் சோதனை தவறவிட்டதில் வியப்பில்லை.

ஒரு வண்டியைக் கேள்விகளாலேயே பாதி பிரித்துவிடலாம். "எப்போது புகை?" என்பது அவற்றுள் முதல் கேள்வி. எப்போதும் புகைத்தால் வேறு கதை. குளிரில் மட்டும் என்றால் அது வேறு கதை. முழு லோடில் மட்டும், அதுவும் கறுப்பாக மட்டும் என்றால், எரிபொருளுக்கு ஏற்ற காற்று சிலிண்டருக்குள் போகவில்லை என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். எரிபொருள் அதிகமாகப் போவதும் நடக்கும்; ஆனால் அப்படிப் போனால் பெரும்பாலும் ஐடிலிங்கிலும் குளிர் ஸ்டார்ட்டிலும் ஏதாவது ஓர் அறிகுறி தலைகாட்டும்.

காற்றுக் கணக்கு

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்குப் போடுவது பின்னால் சொல்லப்போவதற்கு உதவும்.

டீசல் முழுமையாக எரிய, எடையில் ஒரு பங்கு டீசலுக்கு ஏறக்குறைய 14.5 பங்கு காற்று வேண்டும். ஆனால் டீசல் எஞ்சினில் எரிபொருள் கடைசி நேரத்தில்தான் உள்ளே தெளிக்கப்படுகிறது. காற்றோடு சீராகக் கலக்க அவகாசம் இல்லை. துளிகளைச் சுற்றி ஆங்காங்கே காற்றுப் பஞ்சம் ஏற்பட்டுக் கரி உருவாகும். காற்று தாராளமாக இருந்தால் அந்தக் கரியும் எரிந்து போய்விடும். அதனால் முழு லோடிலும்கூட விகிதத்தை 18-க்குக் கீழே இறங்க விடாமல் வைத்திருப்பதே பொதுவான வழக்கம். அதற்குக் கீழே போகப் போகப் புகை கண்ணுக்குத் தெரியத் தொடங்கும்.

2.5 லிட்டரை நான்கு சிலிண்டருக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 0.625 லிட்டர். சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாயான மேனிஃபோல்டில் 220 கிலோபாஸ்கல் அழுத்தம் (வெளிக்காற்றின் 100-ஐயும் சேர்த்து), இன்டர்கூலரைத் தாண்டிய காற்றின் வெப்பம் 50 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்று லிட்டருக்கு 2.4 கிராமுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். சிலிண்டர் 90 சதவீதம் நிரம்புகிறது என்றால், ஒரு முறை உள்ளே போவது ஏறக்குறைய 1,330 மில்லிகிராம். அதற்கு 70 மில்லிகிராம் டீசல் தெளித்தால் விகிதம் 19. சுத்தமாக எரியும்.

அதே 70 மில்லிகிராம் டீசலைத் தெளித்துக்கொண்டு, மேனிஃபோல்டு அழுத்தம் மட்டும் 165-க்கு இறங்கிவிட்டால்? உள்ளே போகும் காற்று 1,000 மில்லிகிராம்தான். விகிதம் 14.3. முழுமையாக எரியத் தேவையான அளவுகூட இல்லை. வெளியே தள்ளுவது கரியைத்தான்.

பெட்ரோல் வண்டிப் பழக்கத்தில் சிலர் எரிபொருள் அதிகமானால் எஞ்சின் குளிர்ந்து ஓடும் என்று நினைப்பதுண்டு. டீசலில் அது தலைகீழ். எரிபொருள் கூடக் கூட வெளியேறும் வாயுவின் வெப்பமும் ஏறும். இப்படியே ஏற்றம் ஏறிக்கொண்டிருந்தால் பிஸ்டனும் டர்போவும் வாங்கிக் கட்டிக்கொள்ளும். ஆகவே கரும்புகையைப் பார்வைக்கு அசிங்கம் என்பதோடு விட்டுவிட முடியாது.

இன்ஜெக்டரைப் பற்றிய சந்தேகம்

உரிமையாளரின் மனதில் இன்ஜெக்டர் ஆழமாகப் பதிந்திருந்தது. "எப்படியும் மாத்தத்தான் சொல்றாங்க. இதோட சேர்த்து அதையும் மாத்திட்டா ஒரே வேலையாப் போயிடுமே அண்ணே?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான், வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் அவருக்கு வருமானம் போகிறது.

அதை முதலிலேயே சோதித்து முடிப்பது என்று முடிவெடுத்தோம். ஸ்கேனரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் கொடுக்கும் ஐடிலிங் திருத்த அளவுகளைப் பார்த்தோம். நான்கும் பூஜ்யத்தை ஒட்டியே நின்றன. பிறகு இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் குழாய்களைக் கழற்றி, நான்கு அளவுக் குப்பிகளில் விட்டு எஞ்சினை ஓடவிட்டோம். தேய்ந்துபோன இன்ஜெக்டர் உள்ளே கசிந்து, ரிட்டர்னில் அதிக டீசலைத் திருப்பி அனுப்பும். அதன் குப்பி மட்டும் சீக்கிரம் நிரம்பும். இங்கே நான்கும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் நின்றன.

இந்த இரண்டு சோதனைகளும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. இன்ஜெக்டரின் தெளிப்பு முனையான நாசிலில் தெளிப்பு சிதறியிருந்தால் இவற்றில் தெரியாமல் போகலாம். அதற்குக் கழற்றிச் சோதனை பெஞ்சில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால் தெளிப்புக் கெட்ட நாசில் இவ்வளவு அமைதியான ஐடிலிங்கையும், இவ்வளவு சுத்தமான குளிர் ஸ்டார்ட்டையும் ஒருசேரத் தருவது அரிது. ஆக, இன்ஜெக்டரைக் கழற்றும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்று அவரிடம் சொன்னோம். இன்னொரு காரணமும் இருந்தது: இரண்டு பாகங்களை ஒரே நேரத்தில் மாற்றினால் குணமானது எதனால் என்பது யாருக்கும் தெரியாது. புகை திரும்பி வந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

சாலையில் எடுத்த பதிவு

வண்டியில் அவர் வழக்கமாக ஏற்றும் அளவுக்கு லோடு வைத்து, ஏற்றம் உள்ள சாலைக்குக் கொண்டுபோனோம். ஸ்கேனர் லைவ் டேட்டாவைப் பதிவு செய்துகொண்டிருந்தது. பின்னால் இன்னொரு வண்டியில் ஒருவர் வீடியோ எடுத்தார். புகை எந்த நொடியில் வந்தது என்பதை எண்களோடு பொருத்திப் பார்க்க இந்த ஏற்பாடு. ஓட்டிக்கொண்டே திரையைப் பார்க்கக் கூடாது. பார்த்தாலும் ஒன்றும் மனதில் நிற்காது. பதிவு செய்து, நிறுத்தி வைத்துப் படிப்பதுதான் முறை.

மூன்றாவது கியர், சுமார் 2,500 ஆர்.பி.எம்., ஆக்சிலரேட்டர் முழு மிதி. பதிவில் தெரிந்தது இது.

ரெயில் அழுத்தம் கம்ப்யூட்டர் கேட்ட அளவைப் பின்தொடர்ந்து 1,500 பாருக்கு மேல் ஏறியது. எங்கும் தடுமாறவில்லை. பம்ப், ஃபில்டர், ரெயில் மீதிருந்த சந்தேகம் அங்கேயே கழன்றது. ஈ.ஜி.ஆர். வால்வு மூடப்பட வேண்டும் என்று கட்டளை போயிருந்தது; மூடியதாகத் திரும்பச் செய்தியும் வந்திருந்தது. மேனிஃபோல்டு அழுத்தம் கேட்டது 220. கிடைத்தது 160-க்கும் 165-க்கும் நடுவே. டர்போ இறக்கைகளை இயக்கும் ஆக்சுவேட்டருக்கான கட்டளை அதன் எல்லைவரை போய் நின்றிருந்தது. அதாவது கம்ப்யூட்டர் டர்போவை முடிந்தமட்டும் விரட்டிக்கொண்டிருக்கிறது, அழுத்தம் ஏறவில்லை.

இதுவரை பார்த்தவர் எவரும் "டர்போ போய்விட்டது" என்றுதான் சொல்வார். அடுத்த எண்தான் கதையை மாற்றியது. காற்றின் எடையை அளக்கும் சென்சார், அதாவது மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார், ஒரு முறைக்கு ஏறக்குறைய 1,300 மில்லிகிராம் என்று காட்டிக்கொண்டிருந்தது.

165 கிலோபாஸ்கலில் அந்த எஞ்சின் விழுங்கக்கூடியது 1,000 மில்லிகிராம்தான் என்று மேலே கணக்குப் பார்த்தோம். வாசலில் 1,300 நுழைகிறது. சிலிண்டருக்குப் போய்ச் சேர்வது 1,000. நடுவில் 300 காணவில்லை.

டர்போ சோம்பேறியாக இருந்திருந்தால் இரண்டு எண்களும் சேர்ந்தே விழுந்திருக்கும். குறைந்த காற்றை உறிஞ்சுவதால் ஏர் ஃப்ளோ சென்சாரும் குறைவாகக் காட்டும். கம்ப்யூட்டரும் அதற்கேற்ப டீசலைக் குறைக்கும். வண்டி இழுக்காது, ஆனால் இவ்வளவு புகைக்காது. இங்கே சென்சார் காற்றை எண்ணிய பிறகு காற்று வெளியேறுகிறது. கம்ப்யூட்டர் 1,300-ஐ நம்பி 1,300-க்கு உரிய டீசலைக் கொடுக்கிறது. கரும்புகை அங்கிருந்துதான் வருகிறது.

சென்சாரே பொய் சொல்லியிருக்கலாம் என்ற வாய்ப்பையும் விட்டுவிடவில்லை. ஈ.ஜி.ஆர். மூடிய நிலையில், டர்போ அழுத்தம் இல்லாத ஐடிலிங்கில் அதன் அளவு 600 மில்லிகிராமுக்குச் சற்றுக் கீழே இருந்தது. அந்தக் கொள்ளளவுக்கு அது பொருந்தும் எண். சென்சார் நேர்மையாகவே இருந்தது.

விளக்கு ஏன் எரியவில்லை என்று உரிமையாளர் கேட்டார். டர்போ அழுத்தக் குறைவுக்கு பி0299 என்ற பிழைக் குறியீடு உண்டு. ஆனால் கேட்ட அழுத்தத்துக்கும் கிடைத்த அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் குறிப்பிட்ட நேரம் தொடர்ந்து நீடித்தால்தான் அது பதிவாகும். புகையைப் பார்த்ததும் அவர் காலை எடுத்துவிடுவார், கியரை இறக்குவார். கம்ப்யூட்டரின் கடிகாரம் ஒவ்வொரு முறையும் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும்.

காற்று எங்கே போகிறது

டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கு ஒரு ஹோஸ். இன்டர்கூலரிலிருந்து எஞ்சினுக்கு இன்னொரு ஹோஸ். எஞ்சின் நின்றிருக்கும்போது இரண்டும் பார்வைக்கு நன்றாகவே இருந்தன. கையால் தடவியும், அமுக்கியும் பார்த்தாயிற்று. கிளிப்புகள் ஏற்கெனவே யாரோ வலுவாக முறுக்கியிருந்தார்கள். ஒன்று ரப்பருக்குள் பதிந்தே போயிருந்தது. ஓர் அடையாளம் மட்டும் இருந்தது: இன்டர்கூலரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ஹோஸின் அடியில், எண்ணெயும் தூசியும் குழைந்து ஒரு கரிய பூச்சு. மற்ற ஹோஸ் வறண்டிருந்தது.

அழுத்தச் சோதனை செய்தோம். டர்போவின் வாய்க்கு ஒரு மூடி போட்டு, ரெகுலேட்டர் வழியாகக் காற்றை உள்ளே விட வேண்டும். வண்டி உண்மையில் ஓடும்போது கிடைக்கும் அழுத்தத்தைத் தாண்டக் கூடாது. இங்கே வெளிக்காற்றுக்கு மேல் 1 பாரோடு (100 கிலோபாஸ்கல்) நிறுத்திக்கொண்டோம். மூடி கழன்றால் குண்டுபோல வரும், அதற்கு நேரே யாரும் நிற்கக் கூடாது. வால்வுகள் திறந்த நிலையில் எஞ்சின் நின்றிருந்தால் காற்று எஞ்சினுக்குள்ளேயே புகுந்து எங்கெங்கோ சீறும். அதைக் கசிவு என்று ஏமாறாமல், கிராங்கைக் கொஞ்சம் திருப்பி வைத்துவிட்டுத் தொடர வேண்டும்.

சோப்பு நீர் தெளித்தோம். 0.3 பாரில் எங்கும் ஒன்றுமில்லை. 0.5-இலும் அமைதி. 0.7-ஐ நெருங்கும்போது அடியிலிருந்து ஒரு சீறல். கண்ணாடியை அடியில் பிடித்துப் பார்த்தபோது நுரை கொத்தாகப் பொங்கிக்கொண்டிருந்தது. காற்றை நிறுத்தியதும் நுரை அடங்கி, ரப்பர் மறுபடி ஒட்டிக்கொண்டது. விரலால் தடவினால் ஒரு கீறல் மாதிரிதான் தட்டுப்பட்டது. கழற்றி உள்பக்கம் திருப்பிப் பார்த்தால் கட்டைவிரல் நீளத்துக்கு மேல் ஒரு பிளவு. உள்ளே நூலடுக்கு பிரிந்து, எண்ணெயில் ஊறி உப்பியிருந்தது. அழுத்தம் ஏறினால் வாய் திறக்கும், இறங்கினால் மூடிக்கொள்ளும் பிளவு. நியூட்ரலில் எவ்வளவு முறுக்கினாலும் அது திறக்கும் அளவுக்கு அழுத்தம் வராது.

பிளவுக்கு நேர் எதிரே, வயர் கட்டைத் தாங்கும் ஒரு இரும்பு பிராக்கெட்டின் முனை பளபளவென்று தேய்ந்திருந்தது.

இரண்டாவதாக ஒரு சிறிய கசிவும் தென்பட்டது. இன்டர்கூலரின் பிளாஸ்டிக் பக்கத் தொட்டி அலுமினியத்தோடு மடித்து இணையும் விளிம்பில், கடுகு அளவுக் குமிழிகள் மெதுவாக வந்தன.

ஈ.ஜி.ஆர். கழுவியதும் ஏன் கொஞ்ச காலம் குறைந்தது

இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் வேலையை மூடியிருந்தால் மனம் ஒப்பியிருக்காது.

நிதானமாக ஓடும்போது கம்ப்யூட்டர் ஈ.ஜி.ஆர். வால்வை ஏர் ஃப்ளோ சென்சாரை வைத்துத்தான் கட்டுப்படுத்துகிறது. இவ்வளவு புதிய காற்று போதும் என்று ஓர் இலக்கு இருக்கும். சென்சார் அதற்கு மேல் காட்டினால், வால்வை இன்னும் திறந்து வெளியேறும் வாயுவை உள்ளே விட்டு, புதிய காற்றைக் குறைக்கும். நடுத்தர லோடிலும் ஹோஸ் சற்றுக் கசிந்துகொண்டிருந்தால் சென்சார் கூடுதலாகத்தான் காட்டும். உடனே கம்ப்யூட்டர் தேவைக்கு மேல் வாயுவைத் திருப்பி விடும். கரி படியும். கரி படிந்த வால்வு முழு மிதியில் ஒழுங்காக அமராமல், காற்றுக்குச் சேர வேண்டிய இடத்தை வாயு பிடித்துக்கொள்ளும். அதைக் கழுவினால் அந்த அளவுக்குப் புகை குறையும். கசிவு இருக்கும்வரை கரி மறுபடி சேரும். ஈ.ஜி.ஆர். அடைப்பு இந்த வண்டியில் நோயின் விளைவு. அதை நோயாகவே பார்த்துவிட்டார்கள்.

எடுத்த முடிவுகள்

ஹோஸை மாற்றுவதில் விவாதம் இல்லை. ஒட்டுப் போடுவது, டேப் சுற்றுவது பற்றிப் பேச்சே எழவில்லை; உள்ளடுக்கு பிரிந்த ஹோஸில் எதுவும் நிற்காது. எந்த வகை ஹோஸ் என்பதில் கொஞ்சம் யோசித்தோம். எஞ்சினின் சுவாசக் குழாய் வழியே எண்ணெய் ஆவி எப்போதும் இந்தப் பாதையில் வரும். கண்ணைக் கவரும் நிறத்தில் கிடைக்கும் சாதாரண சிலிகான் ஹோஸ் வெப்பத்தைத் தாங்கும், ஆனால் எண்ணெய்க்கு இளகும். உள்ளே ஃபுளோரோசிலிகான் பூச்சு இருந்தால்தான் தாக்குப்பிடிக்கும். தயாரிப்பாளரின் அசல் ஹோஸையே போட்டோம். கிளிப்புகளுக்கு, வெப்பத்தில் ரப்பர் சுருங்கி விரியும்போதும் பிடி தளராத ஸ்பிரிங் வகையைத் தேர்ந்தோம்.

இன்டர்கூலரை அப்போது மாற்றவில்லை. அந்தக் கசிவு மிகச் சிறியது. காணாமல் போன 300 மில்லிகிராமில் அதன் பங்கு சொற்பம். ஹோஸை மட்டும் மாற்றிப் பார்த்து, அழுத்தம் முழுதாக வந்தால் அடுத்த சர்வீஸ் வரை கண்காணிப்பது என்று உரிமையாளரிடம் விளக்கி எழுதிக் கொடுத்தோம். ஆனால் இன்டர்கூலரைக் கழற்றி உள்ளே தேங்கியிருந்த எண்ணெயை வடித்தோம். இதைச் சோம்பலில் விடக் கூடாது. புதிய ஹோஸோடு முழு அழுத்தத்தில் காற்று பாயும்போது அந்த எண்ணெய் மொத்தமாக எஞ்சினுக்குள் போனால், எஞ்சின் அதையே எரிபொருளாக்கிக்கொண்டு கட்டுக்கடங்காமல் ஓடும் ஆபத்து உண்டு. அப்போது சாவியைத் திருப்பினாலும் நிற்காது.

டர்போவைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும் என்று தோன்றியது. கசிவை ஈடுகட்டக் கம்ப்யூட்டர் அதைத் தொடர்ந்து விரட்டியிருக்கிறது. இந்த அளவு டர்போக்கள் சாதாரணமாகவே நிமிடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் சுற்றுபவை; அளவுக்கு மீறிய வேகத்தில் தண்டும் பேரிங்கும் தேயும். தண்டைப் பக்கவாட்டில் அசைத்தபோது எண்ணெய்ப் படலத்துக்கான இயல்பான ஆட்டம் மட்டுமே இருந்தது. முன்னும் பின்னும் இழுத்தபோது அசைவு உணரவே முடியவில்லை. இறக்கைகள் உறையில் உரசிய தடமும் இல்லை. டர்போவை அப்படியே விட்டோம்.

ஈ.ஜி.ஆர். வால்வைக் கழற்றிக் கரியை நீக்கினோம். தகடு வைத்து அடைக்கும் யோசனையை மறுத்தோம். இந்த வால்வு எரிதலின் வெப்பத்தைக் குறைத்து நைட்ரஜன் ஆக்சைடுகளைக் கட்டுப்படுத்துவது. அடைப்பது சட்டத்துக்கும் புறம்பு. அதைவிட, முழு மிதியில் ஏற்கெனவே மூடியிருக்கும் வால்வை அடைத்து என்ன கிடைக்கப்போகிறது?

எஞ்சின் ஆயிலும் மாற்றினோம். கரும்புகையோடு ஓடிய காலம் முழுக்கக் கரியில் ஒரு பங்கு ஆயிலில்தான் சேர்ந்திருக்கும்.

ஒரு சிறு குறிப்பு: ஷெட்டுக்குள் சோதனை ஓட்டம் செய்யும்போது சைலன்சரில் உறிஞ்சு குழாய் மாட்டாமல் எஞ்சினை முறுக்கவில்லை. டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் வகைப்படுத்தியது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இதை இன்னும் விளையாட்டாகவே எடுத்துக்கொள்கிறோம்.

பின்னர் நடந்தவை

அதே லோடு, அதே ஏற்றம், அதே கியர். மேனிஃபோல்டு அழுத்தம் 218 வரை வந்தது. ஏர் ஃப்ளோ 1,320-ஐ ஒட்டி. இப்போது இரண்டு எண்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போயின. ஆக்சுவேட்டர் கட்டளை எல்லையில் முட்டாமல் நடுவில் நின்றது. வீடியோவில் மிதித்த கணத்தில் ஒரு சிறு புகை. பிறகு தெளிவான சாலை. பழையபடி மூன்றாவது கியரில் ஏறுகிறது என்று உரிமையாளர் சொன்னார்.

சில வாரங்களில் அவர் திரும்பி வந்தார். "புகை போயிடுச்சுண்ணே. ஆனா மிதிச்ச உடனே ஒரு கொத்து வருதே, அது ஏன்?" கூடவே உட்கார்ந்து ஓட்டச் சொல்லிப் பார்த்தோம். நான்காவது கியரில், 1,200 ஆர்.பி.எம்.-இல், ஏற்றத்தின் அடிவாரத்திலேயே முழுக்க மிதிக்கிறார். அந்த வேகத்தில் டர்போவைச் சுழற்றப் போதிய வாயு இல்லை; அழுத்தம் கட்ட ஓரிரு நொடி ஆகும். அந்த இடைவெளியில் வரும் சிறு கொத்து, வடிகட்டி இல்லாத எஞ்சினில் இயல்பு. ஒரு கியர் இறக்கிவிட்டு மிதித்துப் பார்க்கச் சொன்னோம். கொத்து கண்ணுக்கு எட்டாத அளவுக்குக் குறைந்தது. அதற்காக எதையும் கழற்றவில்லை. இதுவே டி.பி.எஃப். உள்ள வண்டியாக இருந்தால் பதில் வேறு: அதில் கண்ணுக்குத் தெரியும் கரும்புகை எவ்வளவு சிறிதானாலும் குறைதான், வடிகட்டி உடைந்திருக்கிறது, அல்லது யாரோ உள்ளே குடைந்து எடுத்துவிட்டார்கள்.

அந்த வருகையில் வேறொன்று அகப்பட்டது. புதிய ஹோஸின் அடியில், பழைய பிளவு இருந்த அதே இடத்தில், ஒரு மங்கலான உரசல் தடம். பிராக்கெட்டை முதல் வேலையிலேயே ஒதுக்கி வளைத்திருந்தோம். எஞ்சின் நிற்கும்போது நல்ல இடைவெளி இருந்தது. பிரேக்கைப் பிடித்துக் கியரில் போட்டு, கிளட்சை மெல்ல விட்டு எஞ்சினுக்குச் சுமை கொடுத்தபோது எஞ்சின் ஒரு பக்கமாக எழும்பிச் சாய்ந்தது. எஞ்சினைத் தாங்கும் ஒரு பக்க மவுண்டிங்கின் ரப்பர் இரும்பிலிருந்து பாதி பிரிந்திருந்தது. ஏற்றத்தில் முழு மிதி மிதிக்கும்போதெல்லாம் எஞ்சின் சாய்ந்து ஹோஸைப் பிராக்கெட்டில் தேய்த்திருக்கிறது. மவுண்டிங்கை மாற்றினோம். தடம் மேலோட்டமாக இருந்ததால் ஹோஸை வைத்துக்கொண்டோம்.

அடுத்த ஆயில் சர்வீஸில் இன்டர்கூலரின் விளிம்பில் எண்ணெய்க் கசிவு அதிகரித்திருந்தது. அப்போது இன்டர்கூலர் மாற்றப்பட்டது. அழுத்த எண்களில் அதற்கு முன்னும் பின்னும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இன்ஜெக்டர்கள் நான்கும் பழையவையே, இன்னும் ஓடுகின்றன.

நடைமுறையில் செய்த மாற்றம்

லோடில் கரும்புகை என்று வரும் வண்டிகளுக்கு இப்போது எங்கள் வரிசை வேறு. பாகம் எதையும் கழற்றுமுன் லோடோடு ஒரு சாலைப் பதிவு. அதில் மேனிஃபோல்டு அழுத்தத்தையும் ஏர் ஃப்ளோவையும் தனித்தனியாகப் படிக்காமல், ஒன்றை வைத்து மற்றதைக் கணக்கிட்டுப் பார்ப்பது. இரண்டும் சேர்ந்து குறைந்தால் டர்போ, அதன் ஆக்சுவேட்டர், வேக்யூம் குழாய், ஏர் ஃபில்டர் பாதை. ஏர் ஃப்ளோ சரியாக இருந்து அழுத்தம் மட்டும் குறைந்தால் நேரே அழுத்தச் சோதனை. இரண்டும் சரியாக இருந்தும் புகைத்தால்தான் இன்ஜெக்டர் பெஞ்சுக்குப் போகும். இந்த வரிசை ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள வண்டிகளுக்கு; மேனிஃபோல்டு அழுத்தத்தை மட்டும் நம்பி டீசல் கொடுக்கும் எஞ்சின்களில் இதே கசிவு புகையாக இல்லாமல் வெறும் இழுவைக் குறைவாகவே வெளிப்படும். அங்கே அழுத்தச் சோதனையை இன்னும் முன்னால் கொண்டுவர வேண்டியிருக்கும்.

ஹோஸ் ஏதாவது தேய்ந்து பிளந்திருந்தால், எஞ்சினுக்குச் சுமை கொடுத்து மவுண்டிங்கைப் பார்ப்பதும் அதே வேலைச்சீட்டில் சேர்ந்துவிட்டது. ஹோஸுக்கும் சுற்றியுள்ள இரும்புக்கும் உள்ள இடைவெளியை எஞ்சின் நிற்கும்போது பார்ப்பதோடு விடுவதில்லை. சுமையில் எஞ்சின் சாய்ந்திருக்கும்போதும் ஒரு விரல் நுழையும் அளவு மிஞ்சுகிறதா என்று, ஒருவர் கிளட்சை விட மற்றவர் டார்ச்சோடு எட்ட நின்று பார்க்கிறார்.